நண்டுக்குஞ்சும் பிஸ்கட் பேணி மூடியும்

கடைகளில் பிஸ்கட் பேணிகளை அடுக்கி வைத்திருந்தால் என் கண் முதலில் போவது மூடிக்குத்தான். உள்ளே என்ன பிஸ்கட் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. நான் தேடுவது வட்டமான ஒரு தகர மூடி. அதன் வெளிப்பக்கத்தில் மூன்று ரோசாப் பூக்கள் இருக்கும். அந்த மூடியை மல்லாத்தி, நடுவில் ஒரு தகரத் துண்டை நிமிர்த்தி, அதில் பச்சை நிற நுளம்புத்திரிச் சுருள் ஒன்றைச் செருகி, ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலரை மணிக்கு ஒருவர் என் மேசைக்குக் கீழே கொண்டுவந்து வைப்பார். மறுநாள் காலையில் சாம்பலைக் கொட்டுவதற்காக அவர் அதைக் கவிழ்க்கும்போது பூக்கள் தெரியும். சூடு பட்டுப் பட்டு இரண்டு பூக்கள் கருகிவிட்டன. மூன்றாவது மட்டும் கடைசி வரைக்கும் சிவப்பாகவே இருந்தது.

அவர் எங்கள் பல்கலைக்கழக ஆய்வுகூட உதவியாளர். எல்லோருக்கும் லாப் அண்ணன். ஆரையம்பதியிலிருந்து சைக்கிளில் வருவார். கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவுவது, நிலத்தைக் கூட்டுவது, குப்பைவாளிகளை வெறுமையாக்குவது, பின்னேரம் யன்னல்களைச் சாத்துவது இவையெல்லாம் அவருடைய வேலை. பல வருடங்களாகத் தற்காலிக ஊழியர். நிரந்தர நியமனக் கடிதம் இந்தா வருகிறது, அந்தா வருகிறது என்று காத்துக்கொண்டிருந்தார். எனக்கு நுளம்புத்திரி கொளுத்தி வைக்கும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருநாள் நான் கால்களை மாறி மாறிச் சொறிந்துகொண்டிருந்ததைக் கண்டார், அவ்வளவுதான். மறுநாள் மூடி வந்துவிட்டது.

நான் அப்போது முதுதத்துவமாணிப் பட்டத்துக்கான ஆய்வுக்குப் பதிவு செய்திருந்தேன். தலைப்பு, வாவி நண்டின் குஞ்சுகளைத் தொட்டியில் வளர்ப்பது. மட்டக்களப்பு வாவியில் நண்டு பிடிக்க எல்லோருக்கும் தெரியும். வளர்க்க யாருக்கும் தெரியாது. அந்த யாருக்கும் தெரியாததை நான் செய்து காட்டப்போகிறேன் என்று என் ஆய்வு முன்மொழிவில் பதினெட்டுப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். இப்போது அதை எடுத்துப் படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அவ்வளவு துணிச்சலை நான் அதற்குப் பிறகு எதிலும் காட்டியதில்லை. முகத்துவாரத்தில் வலை போடும் ஒருவர் எப்போதாவது சினை நண்டு அகப்பட்டால் எனக்குத் தொலைபேசியில் சொல்வார். நான் முச்சக்கர வண்டியில் போய் நண்டையும், கான்களில் கடல் தண்ணீரையும் கொண்டு வருவேன். வயிற்றின் கீழ் செம்மஞ்சளாக இருக்கும் முட்டைகள் பத்துப் பன்னிரண்டு நாளில் கறுத்து, ஒரு காலையில் பொரிக்கும். குஞ்சுகளைப் பார்த்தால் யாரும் நண்டு என்று சொல்லமாட்டார்கள். தூசி. இரண்டு கறுத்தக் கண் வைத்த தூசி. டோர்ச் அடித்தால் ஆயிரக்கணக்கில் வெளிச்சத்தை நோக்கி ஓடி வரும். அவை ஐந்து தடவை தோல் கழற்றி, உருமாறி, நண்டாவதற்கு ஒரு மாதம் வேண்டும். என்னுடைய குஞ்சுகள் நாலாம் நாளைத் தாண்டவில்லை.

முதல் தொகுதி செத்தபோது எனக்குப் பெரிய கவலை இல்லை. முதல் தடவைதானே என்றேன். இரண்டாவது செத்தபோது தண்ணீரைச் சந்தேகித்தேன்; வடிகட்டினேன், கொதிக்கவைத்து ஆற்றினேன். மூன்றாவதற்கு உணவை மாற்றினேன். நாலாவதற்குத் தொட்டிகளையே மாற்றினேன். அதன் பிறகு உப்பளவு, வெப்பம், வெளிச்சம், தாய் நண்டைக் கழுவும் முறை என்று என்னவெல்லாம் உண்டோ அத்தனையிலும் கை வைத்தேன். நாலாம் நாள் காலையில் கதவைத் திறந்ததுமே தெரிந்துவிடும். டோர்ச் அடிப்பேன், எதுவும் வராது. தொட்டியின் அடியில் மாவு சிந்தியதுபோல வெள்ளையாகப் படிந்திருக்கும். அதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, வாளியில் ஊற்றி, தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். கொப்பியில் திகதியைப் போட்டு, 'முழு இறப்பு' என்று இரண்டு சொல் எழுதுவேன். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒன்பது இடத்தில் அந்த இரண்டு சொல்லும் இருக்கின்றன. கையெழுத்து வரவரச் சின்னதாகிக்கொண்டு போவதைப் பார்க்கலாம்.

என்னோடு படித்தவர்கள் வேலை கிடைத்து, கலியாணம் முடித்து, வெளிநாடு போய் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள். நான் மட்டும் வாவிக் கரையோரக் கட்டடத்தின் கடைசி அறையில் பத்துத் தொட்டிகளோடு மிஞ்சினேன். சில நாட்களில் காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன். மத்தியானம் தொலைபேசி அடித்து எடுத்தால் என் குரல் எனக்கே கரகரவென்று வேறு யாருடையதோ போலக் கேட்கும். எங்கள் ஊர் உன்னிச்சையிலிருந்து அம்மாதான் அழைப்பார். எங்கள் வீட்டில் எல்லோரும் வட்டைக்குப் போகிறவர்கள், வயலைத் தவிர வேறு தெரியாது. நண்டு ஆய்வு என்றால் என்ன என்று அவர்களுக்கு விளங்கவைக்க நான் முயன்று தோற்றிருந்தேன். அதுவும் ஒரு தோல்விதான், கொப்பியில் எழுதவில்லை. "என்னகா மகள், நண்டு பிழைச்சிச்சா?" என்பார் அம்மா. "இன்னும் இல்லம்மா." "சரி, நேரத்துக்குச் சாப்பிடு" என்று வைத்துவிடுவார். கொஞ்ச நாளில் அவரும் நண்டைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் விட்டிருப்பார். எனக்கோ அது கூடுதலாக வலித்தது.

கேட்பதை விடாதவர் லாப் அண்ணன் ஒருவர்தான். நாலரை மணிக்கு மற்ற அறைகளையெல்லாம் சாத்திவிட்டு, மூடியோடு வருவார். குனிந்து மேசைக்கடியில், சுவரோரமாக, காற்றுப் படாத மூலையாகப் பார்த்து வைப்பார். தீக்குச்சியைக் கிழித்துத் திரியின் நுனியைப் பிடித்து, தணல் பற்றும்வரை ஊதுவார். "இஞ்சத்த நுளம்பு பொல்லாத சாமான், தங்கச்சி. கடிக்க விட்டிட்டு இருக்காதீங்க" என்பார். பிறகு நிமிர்ந்து, தொட்டிப் பக்கம் தலையை ஆட்டி, "இண்டைக்கு எத்தினையாம் நாள்?" என்று கேட்பார். பிள்ளை பெற்ற வீட்டில் விசாரிப்பதுபோல இருக்கும். இரண்டாம் நாள் என்றால் முகம் மலரும். மூன்றாம் நாள் என்றால் டோர்ச்சைத் தானே வாங்கி அடித்துப் பார்ப்பார். "ஓடித் திரியுதுகள். இந்த முறை தப்பும்" என்பார். நாலாம் நாள் அவர் எதுவும் கேட்பதில்லை. கவிழ்த்து வைத்த தொட்டிகளைக் கண்டிருப்பார். அன்றைக்கும் திரி மட்டும் தவறாமல் வரும். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, அவர் வீட்டுக் கதை கொஞ்சம், கண்ணகி அம்மன் கோயில் கதை கொஞ்சம். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டு அடங்கியதும் வாவிப் பக்கத்து யன்னலும் நானும் திரிப் புகையும்தான். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் சில நாட்களில் ஆய்வுகூடத்துக்குப் போனேன். நண்டுக்காக அல்ல.

ஐந்தாவது தொகுதி மட்டும் ஏழாம் நாள் வரை உயிரோடு இருந்தது. வைகாசி மாதம் அது. லாப் அண்ணன் தங்கள் ஊர்க் கோயில் சடங்குக்காக, கோயில் கதவு திறந்ததிலிருந்து கடைசி நாள் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை ஒரு கிழமை லீவு போட்டிருந்தார். திரி இல்லாமல் என் கால் முழுக்கத் தடிப்பு. குஞ்சுகளோ இரண்டாம் தோல் கழற்றி, முதுகில் முள் வைத்து, துள்ளிக்கொண்டு திரிந்தன. நான் அந்தத் தடவை தண்ணீரைக் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, படகில் போய் எடுத்திருந்தேன். ஆகவே தண்ணீர்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். லாப் அண்ணன் திரும்பி வந்து, கோயில் பிரசாதத்தை என் கையில் தந்து, டோர்ச் அடித்துப் பார்த்து, "அம்மாள் கண் திறந்திட்டா" என்றார். இருவரும் சிரித்தோம். அன்றைக்கு இரட்டைத் திரி கொளுத்தினார். அடுத்த நாளே குஞ்சுகள் அடியில் படியத் தொடங்கின. அதன் பிறகு நாலு தொகுதிக்குப் படகில் போய்த் தண்ணீர் எடுத்தேன். நாலும் செத்தன.

ஒன்பதாவது செத்த கிழமை என் மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவர். கொப்பியை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு தொகுதி செய்யுங்க. அதுவும் செத்தா தலைப்ப விடுங்க. பதிவு நீடிப்பு இனிக் கேக்க ஏலாது" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இன்னொரு தலைப்பை முதலிலிருந்து தொடங்க எனக்குக் காலம் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு உன்னிச்சைக்குப் போக வேண்டியதுதான். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு அழுகையை நிறுத்துவதற்கு ஏதாவது கைவேலை வேண்டியிருந்தது. காற்றுப் பம்பி சில நாட்களாக இரைந்துகொண்டிருந்தது. அதைக் கழற்றித் துப்புரவு செய்யலாம் என்று மேசைக்கடியில் உட்கார்ந்தேன்.

தொட்டிகளுக்குக் காற்று ஊதுகிற சின்னப் பம்பி அது. அறையிலுள்ள காற்றை அடிப்பக்கத் துவாரத்தால் இழுத்து, மெல்லிய குழாய்கள் வழியே பத்துத் தொட்டிகளுக்கும் குமிழி விடும். அந்தத் துவாரத்தில் தூசிக்காக ஒரு துண்டுக் கம்பளி வைத்திருப்பார்கள். புதிதில் அது வெள்ளை. ஆணியைக் கழற்றி வெளியே எடுத்தேன். தேயிலைச் சாயம்போல் மண்ணிறமாக இருந்தது. விரலில் பிசுபிசுத்தது. ஏன் என்று தெரியாமலே மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். நுளம்புத்திரி மணம். திரும்பிப் பார்த்தேன். பம்பிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரம்கூட இல்லை, காற்றுப் படாத மூலையில், முதல்நாள் இரவுச் சாம்பலோடு மூடி இருந்தது. அன்றைக்கு அதைக் கொட்ட அவருக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை.

நுளம்பைக் கொல்கிற மருந்து நண்டுக்குஞ்சை விடுமா? இரண்டும் தூரத்துச் சொந்தம். முதலாம் வருட மாணவனுக்கும் தெரிந்த விசயம். நான் அந்தப் புகையை ஒவ்வொரு பின்னேரமும் பம்பி வைத்துத் தண்ணீருக்குள் ஊதியிருக்கிறேன். கொப்பியை எடுத்துப் புரட்டினேன். வெப்பம், உப்பளவு, உணவு, தண்ணீர் எடுத்த இடம், மழை, மின்வெட்டு, எல்லாம் எழுதியிருந்தது. திரி எங்கும் இல்லை. அது என் ஆய்வோடு சேர்ந்தது என்று எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை. என்னை ஒருவர் கவனித்துக்கொள்கிறார் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நாலரை மணிக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. மேற்பார்வையாளரிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அறிக்கை கேட்பார். தற்காலிக ஊழியர் ஒருவரால் ஒரு வருட ஆய்வு பாழானது என்று எங்கோ ஒரு கோப்பில் ஏறும். நியமனம் அதோடு சரி. அது ஒரு காரணம். மற்றக் காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கம். டோர்ச் அடித்து, "இந்த முறை தப்பும்" என்று சொன்ன அந்த முகத்தைப் பார்த்து, கொன்றது நீங்கள்தான் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னால் அவர் திரும்ப வரமாட்டார் என்று பயந்தேன். ஆகவே கம்பளித் துண்டைப் பிய்த்துக் குப்பைவாளியில் போட்டேன். திரியின் மிச்சத்தையும் அதன் மேல் போட்டேன். மூடியைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தேன். அவர் வந்ததும், "அண்ண, குறை நினைக்காதீங்க. எனக்குக் கொஞ்ச நாளா இழுப்பு. புகை ஒத்துக்குதில்ல" என்றேன். என் வாழ்க்கையில் மூச்சு இழுப்பு வந்ததே இல்லை. அவர் என்னைப் பார்த்தார். "அப்பிடியா தங்கச்சி? சொல்லியிருக்கலாமே" என்று மூடியை எடுத்துக்கொண்டார். போகிற வழியில் வழக்கம்போலக் குப்பைவாளியையும் தூக்கிக்கொண்டு போனார்.

பத்தாவது சினை நண்டுக்காக மூன்று கிழமை காத்திருந்தேன். பம்பியை அறைக்கு வெளியே, யன்னலுக்கு அப்பால் பொருத்தினேன். பொரித்தது. நாலாம் நாள் காலை டோர்ச் அடித்தேன். ஓடி வந்தன. ஐந்தாம் நாளும் வந்தன. ஒரு சிறு போத்தலில் கொஞ்சம் பிரித்து எடுத்து, என் வாடகை அறைக்குக் கொண்டுபோய், அதே திரியைக் கொளுத்தி, பக்கத்தில் சின்னப் பம்பி ஒன்றை ஓடவிட்டேன். மறுநாள் போத்தலின் அடி வெள்ளை. சந்தேகத்துக்கு இடமே இல்லாத ஒரே பரிசோதனை அதுதான். அதை யாருக்கும் காட்டவில்லை. ஆய்வேட்டில், முந்தைய ஒன்பது தொகுதிகளும் 'காற்றின் தூய்மைக் குறைவால்' இறந்திருக்கலாம் என்று ஒரு வரி எழுதினேன். பரீட்சகர் அதை விளக்கச் சொல்லிக் கேட்டார். கட்டடம் பழையது என்றேன். ஒரு ஆய்வாளராக நான் சொன்ன முதல் பொய் அது. பட்டம் கிடைத்தது.

இருபத்தெட்டாம் நாள், மிளகளவில், கால்களைப் பக்கவாட்டில் வைத்து நடக்கிற உண்மையான நண்டுகள் பதினொன்று எனக்குக் கிடைத்தன. கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு லாப் அண்ணனைத் தேடி ஓடினேன். அவர் நடைவழியில் கூட்டிக்கொண்டிருந்தார். கிட்டே வரவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாத்தி, பைப்படிக்குப் போய், முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, பிறகுதான் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்ட நின்று எட்டிப் பார்த்தார். "பிழைச்சிரிச்சி, மிஸ்" என்றார். அதுவரைக்கும் அவர் என்னை மிஸ் என்று கூப்பிட்டதில்லை. அதற்குப் பிறகு தங்கச்சி என்று கூப்பிடவே இல்லை. திரியை வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்தே அவர் அறைக்குள் வருவதைக் குறைத்திருந்தார். வந்தாலும் படியிலேயே நின்று பேசிவிட்டுப் போவார். எத்தனையாம் நாள் என்று கேட்பதில்லை. அன்பாகச் செய்ததை நான் தட்டிவிட்டதில் கோபம் என்று நினைத்தேன். எனக்கும் ரோசம் வந்தது. தொட்டி நிறையக் குஞ்சுகள் உயிரோடு ஓடிய அந்த மாதத்தில்தான் நான் அந்த அறையில் மிகவும் தனியாக இருந்தேன்.

காலம் ஓடியது. எனக்கு அங்கேயே விரிவுரையாளர் வேலை கிடைத்தது. அவருக்கும் ஒருவழியாக நிரந்தர நியமனம் கிடைத்து, சில வருடம் வேலை செய்து, ஓய்வு பெற்றார். நடைவழியில் கண்டால், "சுகமா மிஸ்?", "சுகம் அண்ண". அவ்வளவுதான். போன மாதம் ஒரு பின்னேரம் அந்தக் கடைசி அறையைக் கடந்து போனேன். என் மாணவி ஒருத்தி கவிழ்த்த தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு கையால் காலைச் சொறிந்துகொண்டு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். என்ன எழுதுகிறாள் என்று பார்க்காமலே தெரிந்தது. உள்ளே போய், "இது எத்தினையாவது தொகுதி?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், குரல் கரகரத்தது. அன்றைக்கு நான் அவளோடு நெடுநேரம் இருந்தேன். திரும்பும்போது, ஆரையம்பதிக்குப் போய் அந்த மனிதரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் போனேன். அவர் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்து, ஒரு கண்ணில் வெண்புரை அகற்றிப் போட்ட பச்சைத் துணி மறைப்போடு இருந்தார். "வாங்க மிஸ்" என்று எழும்பப் பார்த்தார். இருக்கச் சொன்னேன். மனைவி தேத்தண்ணி தந்தார். பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். கண்ணைப் பற்றிப் பேசினோம். ஒவ்வொரு தடவை பேச்சு ஓயும்போதும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். வேறு எதையாவது சொல்வேன். பொழுது பட்டு, வாவிப் பக்கமிருந்து நுளம்பு எழும்பத் தொடங்கியது. அவருடைய மனைவி உள்ளே போய், புகைகிற திரியோடு ஒரு மூடியைக் கொண்டுவந்து என் கதிரைக்கடியில் வைக்கக் குனிந்தார். அது சற்றுச் சரிந்தபோது அடியில் ஒரு சிவப்புப் பூ தெரிந்தது.

"ஏய், அத அங்கால கொண்டு போ" என்றார் லாப் அண்ணன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"ஏன், மிஸ்ஸுக்கு நுளம்பு கடிக்குதுதானே?"

"கடிச்சாக் கடிக்கட்டும். தங்கச்சி நண்டுக்குஞ்சு வளக்கிறவ. உடுப்பில புகை ஒட்டிக்கொண்டு போயிரும்."

இழுப்பு என்று அவர் சொல்லவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மறைக்காத கண்ணால் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் தூக்கிக்கொண்டு போன குப்பைவாளி எனக்கு நினைவு வந்தது. மண்ணிறக் கம்பளித் துண்டு, அதன் மேல் திரியின் மிச்சம். முழங்கை வரைக்கும் போட்டுக் கழுவிய சவர்க்காரமும், பின்னால் கட்டிய கைகளும் நினைவு வந்தன. அவர் கோபத்தில் எட்ட நிற்கவில்லை. மனைவி மூடியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் திரியின் தணலைத் தண்ணீரில் தொட்டு அணைக்கும் சத்தம் கேட்டது. நுளம்பு எங்கள் இருவரையும் கடித்தது. நாங்கள் இருவரும் காலை எடுக்கவில்லை. அவர் மெதுவாக, "இப்ப எத்தினையாம் நாள், தங்கச்சி?" என்று கேட்டார்.